முதலில் கணக்கு ஆசிரியரைப் பாருங்கள், அப்புறம் குரூப்பை

கேள்வி: ஐயா, என் மகன் பத்தாம் வகுப்பில் 500க்கு 431 எடுத்திருக்கிறான். கணக்கில் 91, அறிவியலில் 88. ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறான். இன்ஜினியர் ஆக வேண்டும் என்று ஆசை. லீவு விட்டால் என் தம்பியின் மோட்டார் காயில் கட்டும் கடையில்தான் கிடப்பான். தம்பி, "பாலிடெக்னிக்கில் ஈஈஈ (மின்னியல், மின்னணுவியல்) சேர்த்துவிடு அக்கா, மூன்று வருடத்தில் கையில் தொழில், வேண்டுமானால் அப்புறம் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்ந்துகொள்ளலாம்" என்கிறான். வீட்டுக்காரர் வேலை பார்க்கும் மில்லின் சூப்பர்வைசர், நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு இருக்கும் தனியார் பள்ளியில் போட்டால் ஐஐடிக்கே போகலாம் என்கிறார். அதற்கு என் நகையை அடகு வைக்க வேண்டும். தலைமை ஆசிரியை பயாலஜி உள்ள ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கச் சொல்கிறார். பையனோ கூட்டாளிகள் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்கிறான். எங்கள் குடும்பத்தில் யாரும் காலேஜ் வாசல் மிதித்ததில்லை. யார் பேச்சைக் கேட்பது?
– விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, நகையை அடகு வைக்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரணம் செலவு மட்டுமல்ல. உங்கள் மகன் கையில் ஏற்கெனவே ஒரு சொத்து இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியவில்லை என்று கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. 2021இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி தொடங்கி, கவுன்சலிங்குக்கு இடம் தரும் தனியார் கல்லூரிகள் வரை இது பொருந்தும். அப்படிச் சேரும் பிள்ளையின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதற்கு மேல், அரசுப் பள்ளியிலிருந்து உயர்கல்விக்குப் போகும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகன் ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டான், இன்னும் இரண்டு ஆண்டுதான் பாக்கி. இப்போது தனியார் பள்ளிக்கு மாற்றினால், அந்த ஐந்து ஆண்டுகளும் இந்தக் கணக்கில் வீணாகும். நகையையும் வைத்து, அரசு கட்டவிருந்த நான்கு வருடக் கட்டணத்தையும் இழப்பீர்கள். சூப்பர்வைசர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த விவரம் தெரியாமல் பிள்ளையை மாற்றிவிட்டு, இரண்டு வருடம் கழித்துக் கவுன்சலிங் நேரத்தில் என்னிடம் வந்து அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது.

ஐஐடி ஆசை தப்பில்லை. அதற்கும் அரசுப் பள்ளிக்குள்ளேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் விடுதியோடு கூடிய அரசு மாதிரிப் பள்ளி நடக்கிறது. ஐஐடிக்கான ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளுக்கு அங்கே பயிற்சி தருகிறார்கள், அங்கிருந்து பிள்ளைகள் சென்னை ஐஐடி வரை போயிருக்கிறார்கள். அதுவும் அரசுப் பள்ளி என்பதால் 7.5 கையைவிட்டுப் போகாது. பிளஸ் ஒன்னில் சேர இடம் கிடைக்குமா என்று மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள். கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம்.

அடுத்து பயாலஜியா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது. உங்கள் வீட்டில் பெரிய சண்டை இதைப் பற்றித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். பொறியியல் சேர்க்கையைப் பொறுத்தவரை இதில் ஒரு வித்தியாசமும் இல்லை. 2007 முதல் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அதிலும் மூன்று பாடம்தான் கணக்கில் வரும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200. இதைத்தான் கட் ஆஃப் என்கிறார்கள். ஒரு பையன் கணக்கில் 90, இயற்பியலில் 84, வேதியியலில் 80 எடுத்தால் 90 + 42 + 40, ஆக 172. நான்காவது பாடத்தில் அவன் 100 எடுத்தாலும் 60 எடுத்தாலும் 172 அப்படியே நிற்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தால்தான் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள், அது தவறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில், எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் புரோகிராமிங்கை ஆனா ஆவன்னாவிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். பிளஸ் டூவில் அதைப் படித்தவனுக்கு முதல் சில வாரம் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான்.

எனவே மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டருக்கோ, கால்நடை டாக்டருக்கோ, விவசாயப் படிப்புக்கோ போகும் எண்ணம் கொஞ்சமாவது இருக்கிறதா?" இருந்தால் தலைமை ஆசிரியை சொல்வதுபோல் பயாலஜி உள்ள குரூப். அவர் அந்தக் கதவையும் திறந்து வைக்கத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். இல்லவே இல்லை என்றால், தாவரவியலும் விலங்கியலும் படிக்கும் நேரத்தைக் கணக்குக்குக் கொடுக்கட்டும், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துக்கொள்ளட்டும். கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் பக்கம் மட்டும் போக வேண்டாம். வணிகக் கணிதத்தையும் பொறியியலுக்கு உரிய கணக்கு என்று எண்ணிவிட வேண்டாம்.

குரூப்பை விட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் பள்ளியில் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா? இடம் காலியாக இருக்கிறதா, வேறு பாட ஆசிரியர் வந்து ஒப்பேற்றுகிறாரா? பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைப் போன வருடம் எந்த மாதம் தொடங்கினார்கள்? நேரில் போய்க் கேளுங்கள். இப்போது பிளஸ் டூ போகும் பிள்ளைகளிடமும் கேளுங்கள், அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள். கணக்கு ஆசிரியர் இல்லையென்றால் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுவதில் தப்பில்லை. பஸ்ஸில் அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நான் பதினொரு ஆண்டு பாலிடெக்னிக்கிலும் அப்புறம் பத்தொன்பது ஆண்டு பொறியியல் கல்லூரியிலும் மின்னியல் பாடம் எடுத்தவன். முதலாண்டில் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவன். பிளஸ் டூவில் கணக்குக்கு 98 வாங்கிய ஒரு பெண் முதல் மாதத்தில் என் அறைக்கு வந்தாள். மாறுதிசை மின்னோட்டத்தின் படத்தை வரைந்து, இந்த இடத்தில் சரிவு என்ன என்று கேட்டேன். வகைக்கெழு கண்டுபிடிக்கும் சூத்திரங்களை வரிசையாக ஒப்பித்தாள். ஆனால் வகைக்கெழு என்பதே அந்தச் சரிவுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் படித்த பள்ளியில் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடவே இல்லையாம். ஜூன் மாதமே பிளஸ் டூ பாடம் தொடங்கி, இரண்டு வருடமும் அதையே திருப்பித் திருப்பி எழுதவைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரப் பெண். முதல் இரண்டு செமஸ்டரும் அரியர் வைத்தாள். அது அவள் தவறே இல்லை.

அந்தப் பழக்கத்தைத் தடுக்கும் என்றுதான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு அது சுமையாக இருந்தது உண்மை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. இனி பிளஸ் ஒன்னில் பாடம் நடந்ததா என்று கேட்க வெளியிலிருந்து ஆள் வராது. வீட்டில் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பிளஸ் ஒன் கணக்கில் என்ன இருக்கிறது தெரியுமா? சார்புகள், முக்கோணவியல், அணிகள், வெக்டர், எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் அங்கேதான் முளைக்கின்றன. பிளஸ் டூ புத்தகம் அவற்றின் பயன்பாடுகளைப் பற்றியது. விதை போடாமல் அறுவடைக்குப் போகிற கதைதான், பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதிப்பது. இயற்பியலிலும் அப்படியே. விசை, வேலை, ஆற்றல், சுழற்சி, வெப்பம், அலைவு முழுவதும் பிளஸ் ஒன் பாடம். மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு அதுவே அஸ்திவாரம். காலேஜ் முதலாண்டில் அணிகளும் நுண்கணிதமும் வரும்போது, ஆசிரியர் இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு முதல் நாளே ஓட ஆரம்பித்துவிடுவார்.

இனி உங்கள் தம்பி சொன்னது. அவர் சொல்வதில் பாதி முழு உண்மை. டிப்ளமோ முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரி வழியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசு பாலிடெக்னிக்கில் செலவும் மிகக் குறைவு. பட்டறைப் பழக்கம், மீட்டர் பிடிக்கிற கை, இயந்திரத்தின் சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்கிற காது, இவையெல்லாம் பிளஸ் டூ வழியாக வருகிற பிள்ளைகளுக்கு இருப்பதில்லை. என் ஆய்வகத்தில் டிப்ளமோ பிள்ளைகளைத்தான் மற்றவர்கள் சூழ்ந்து நிற்பார்கள்.

ஆனால் வருடத்தை எண்ணிப் பாருங்கள். டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று, மொத்தம் ஆறு. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு, அதுவும் ஆறு. பட்டம் வரை போவதானால் ஒரு வருடமும் மிச்சமாகாது. பள்ளியிலிருந்து பாலிடெக்னிக்குக்கு மாறிவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி என்ற தகுதியும் போய்விடும். இன்னொன்று, பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே பிளஸ் டூவில் மார்க் எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் தம்பி சொன்ன பாதை அப்படியே காத்திருக்கும், ஒரு வருடம்தான் கூடுதலாகும். டிப்ளமோவில் சேர்ந்துவிட்டு, பாதியில் பிளஸ் டூவுக்குத் திரும்பி வருவது அப்படிச் சுலபமில்லை.

டிப்ளமோ வழியாக வரும் பிள்ளைகள் எங்கே திணறுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் நேரே மூன்றாம் செமஸ்டரில் வந்து இறங்குகிறார்கள். மற்றவர்கள் முதலாண்டில் இரண்டு கணக்குப் பேப்பர் எழுதிப் பழகியிருப்பார்கள். நான் பாடம் எடுத்த காலத்தில் பல பிரிவுகளில் மூன்றாம் செமஸ்டர் கணக்கு என்றால் ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும். காயில் கட்டுவதில் என்னையே தோற்கடிக்கக்கூடிய ஒரு பையன் அந்தப் பேப்பரில் 14 மார்க் வாங்கிவிட்டு, படிப்பை விட்டுவிடுகிறேன் சார் என்று வந்து நின்றான். ஒரு செமஸ்டர் முழுக்க மாலை ஐந்து மணிக்கு மேல் உட்காரவைத்தோம். பி.இ. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் தொகையிடல் பாடத்திலிருந்து தொடங்கினோம். தேறிவிட்டான். இன்று ஒரு காற்றாலைப் பராமரிப்புக் குழுவுக்குத் தலைமை வகிக்கிறான். பதினாறு வயதில் உட்கார்ந்து படித்திருந்தால், இருபது வயதில் அந்த ஆறு மாதம் அவன் அப்படித் தவித்திருக்க மாட்டான்.

அப்படியானால் டிப்ளமோ யாருக்கு? பதினெட்டு, பத்தொன்பது வயதில் சம்பளம் வந்தாக வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு. கையால் செய்தால் மட்டுமே புரிகிற, இரண்டு வருடம் புத்தகத்தோடு மட்டும் உட்கார்ந்தால் படிப்பையே வெறுத்துவிடக்கூடிய பிள்ளைக்கு. அவர்களுக்கு அது இரண்டாந்தர வழி இல்லை, சரியான வழி. உங்கள் மகன் அப்படிப்பட்டவனா என்று 91 மார்க்கை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்புக் கணக்கில் புத்தகப் பயிற்சிகளை மனப்பாடம் செய்தே நல்ல மார்க் எடுக்க முடியும்.

அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் தம்பி கடையில் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் கண்டிப்பாக இருக்கும். மோட்டாரின் மூன்று காயில் சுற்றுகளை முதலில் ஒரு புள்ளியில் சேர்த்து, அதாவது ஸ்டாரில், ஓடவிட்டு, வேகம் எடுத்ததும் முக்கோணமாக இணைக்கும் டெல்டாவுக்கு மாற்றுவார்கள். டெல்டாவில் ஒவ்வொரு சுற்றுக்கும் 415 வோல்ட் கிடைக்கும், ஸ்டாரில் 240தான். ஏன் பாதி இல்லை, ஏன் 240? மகனை ஒரு தாளில் படம் போடச் சொல்லுங்கள். ஒரு புள்ளியிலிருந்து 240 அளவுக்கு இரண்டு கோடு, நடுவே 120 பாகை. முனைகளைச் சேர்த்தால் வரும் மூன்றாவது கோட்டின் நீளம் என்ன? பத்தாம் வகுப்பில் படித்த சைன் 60 போதும், 240ஐ ரூட் 3ஆல் பெருக்கினால் 415 வந்துவிடும். இது வந்ததும் அடுத்த கேள்வி. ஸ்டாரில் தொடங்கினால் லைனிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் ஏன் சரியாக மூன்றில் ஒரு பங்காகிறது? சுற்றில் வோல்ட் ரூட் 3 மடங்கு குறைவதால் சுற்றின் மின்னோட்டமும் அதே அளவு குறைகிறது. டெல்டாவில் லைன் மின்னோட்டம் சுற்றின் மின்னோட்டத்தைப் போல ரூட் 3 மடங்கு, ஸ்டாரில் இரண்டும் ஒன்றே. ரூட் 3ஐ ரூட் 3ஆல் பெருக்கினால் 3.

விடையை முதலில் சொல்லாதீர்கள். இரண்டு நாள் விடுங்கள். மாமாவிடம் கேட்டு, தாளில் கிறுக்கி, தப்பாகப் போட்டு, மறுபடி வந்து கேட்டு நச்சரிக்கிறானா? அப்படியானால் தயங்காமல் பிளஸ் ஒன் சேருங்கள், கணக்கு அவனை ஏமாற்றாது. "ஸ்விட்சைப் போட்டால் ஓடுது, அது போதாதா" என்கிறானா? அப்போது உங்கள் தம்பி சொல்வதை இன்னொரு முறை உட்கார்ந்து பேசலாம். எனக்கென்னவோ, லீவில் பையன்கள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கும்போது காயில் கடையில் கிடக்கிறவன் முதல் வகை என்றுதான் தோன்றுகிறது. பிளஸ் டூவில் கலப்பெண்கள் என்று ஒரு பாடம் வரும். பல பிள்ளைகள் இது எதற்கென்றே தெரியாமல் எழுதித் தள்ளுவார்கள். மோட்டாரின் மின்தடையையும் மின்தூண்டலையும் ஒரே எண்ணில் அடக்க அதுதான் உதவுகிறது என்பது இவனுக்குத் தெரிந்தால் எப்படி முகம் மலரும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கடையை நிறுத்திவிடாதீர்கள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் போகட்டும். மாமாவின் மனமும் நோகாது.

தமிழ் வழியில் படித்தவன் காலேஜில் இங்கிலீஷில் திணறுவானே என்ற பயம் உங்களுக்குள் இருக்கும். திணறுவான், முதல் செமஸ்டரில். அதற்காக இப்போது அவசரமாக ஆங்கில வழிக்கு மாற்ற வேண்டாம். கணக்கும் இயற்பியலும் புதிதாகக் கடினமாகும் அதே வருடத்தில் மொழியையும் மாற்றினால் இரட்டைச் சுமை. மாநிலப் பாடநூல்கள் இரண்டு மொழியிலும் ஒரே பாட வரிசையில் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. தமிழ்ப் புத்தகத்தில் புரிந்துகொண்ட பாடத்தை அன்றிரவே ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு முறை வாசிக்கட்டும். இரண்டு வருடம் இப்படிச் செய்தவன் காலேஜில் கலைச்சொல்லைப் பார்த்து மிரள மாட்டான்.

குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் உங்கள் பிள்ளை தகுதியானவன், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டிலும் பெயரும் முதலெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இந்த ஒரு எழுத்து வித்தியாசத்துக்காகக் கவுன்சலிங் நாட்களில் தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர்கள் ஏராளம். வேறு பள்ளிக்கு மாற்றுவதானால், ஆறு முதல் பத்து வரை இங்கே படித்ததற்குத் தலைமை ஆசிரியையிடம் கையெழுத்தும் முத்திரையும் வைத்து வாங்கி, நகைப் பெட்டியிலேயே பத்திரப்படுத்துங்கள்.